பவுடர் கொசு

கொசுவுக்கு வயது பார்ப்பதற்கென்று ஒரு உத்தியோகம் இருக்கிறது என்று பாஞ்சாலி வந்து சொன்னபோது காவாக்கரையே விழுந்து விழுந்து சிரித்தது. மந்தைவெளிக்குப் பின்னால், கால்வாய் ஓரமாக ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்துகொண்டு நிற்கிற குடிசைகளுக்குத்தான் காவாக்கரை என்று பெயர். அங்கே கொசுவோடு வாழ்வார்கள், கொசுவைத் திட்டுவார்கள், கொசுவை அடிப்பார்கள். அதற்கு எத்தனை வயது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

"ஒங்க நீரஜாம்மா கொசுவுக்கு ஜாதகம் எய்தறாங்களா? இன்னாத்துக்கு, கல்யாணம் கட்டி வெக்கவா?" என்று கேட்டான் பாஞ்சாலியின் புருஷன் கோதண்டபாணி. மீன்பாடி வண்டி மிதிக்கிறவன். வாய் நீளம், மனசு மட்டும் பச்சைப்பிள்ளை.

"சிரிக்காத. படிச்சவங்க. அவுங்க செய்றாங்கன்னா அதுல ஏதாச்சும் கீது" என்றாள் பாஞ்சாலி.

நீரஜாவைப் பற்றி யாராவது ஒரு சொல் சொன்னால் பாஞ்சாலிக்குப் பொறுக்காது. கபாலி கோயில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் நீரஜாவின் வீட்டில் அவள் வெகுகாலமாகப் பாத்திரம் தேய்க்கிறாள், வீடு பெருக்குகிறாள். ஆனால் காரணம் அதுவல்ல. கல்யாணமாகி வருஷக்கணக்கில் வயிறு திறக்காமல், கோயில் கோயிலாகத் தொட்டில் கட்டி, கடைசியில் பாஞ்சாலி பிள்ளை பெற்றபோது ரத்தம் நிற்காமல் போய்விட்டது. அன்று ஆஸ்பத்திரியில் படுத்துக் கையை நீட்டியவள் நீரஜா. "என் ஒடம்புல நீரஜாம்மா ரத்தம் ஓடுது" என்று பாஞ்சாலி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள். "அதான் நாலு நாளா அய்யரு வூட்டு ரசம் வெக்கிறா" என்பான் கோதண்டபாணி.

பிறந்தது பெண். வட்டச் செயலாளர் மேடைமேல் ஏற்றி, மைக்கில் மூன்று தரம் கூவி வைத்த பெயர் தமிழ்மொழி. வீட்டில் மொழி. இப்போது அவள் நடந்து, ஓடி, நீரஜா வீட்டு நவராத்திரிக் கொலுவில் செட்டியார் பொம்மைக்கு முன்னால் வைத்த பொரியைத் தின்கிற அளவுக்கு வளர்ந்திருந்தாள். அந்தக் குழந்தையைச் சுற்றித்தான் பாஞ்சாலியின் உலகம் சுழன்றது. இன்னொன்று பெற முடியாது என்று டாக்டரம்மா அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

கொசுவின் வயதுக் கதையைப் பாஞ்சாலி கேட்டது ஒரு காலை நேரத்தில். நீரஜா சமையலறையில் நின்றபடியே மோர்சாதத்தை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"மாட்டுக்குன்னா பல்ல புடிச்சுப் பாப்பாங்க. கொசுவுக்கு எப்டிம்மா வயசு பாப்பீங்க?"

நீரஜா சிரித்துவிட்டாள். "வயித்தைத்தான் பாக்கணும். முட்டை உண்டாற பை இருக்கோல்லியோ, அதுல மெலிசா காம்பு மாதிரி நூல் நூலா இருக்கும். ஒவ்வொரு தரம் முட்டை போட்டதும் அந்த நூல்ல ஒரு முடிச்சு விழுந்துடும். எத்தனை முடிச்சோ அத்தனை தரம் பெத்திருக்கான்னு அர்த்தம். அதை வெச்சுண்டு வயசைச் சொல்லிடலாம்."

சோப்புக் கையோடு பாஞ்சாலி தன் வயிற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். "பெத்தவ வயித்துல வரி விழுமே, அதாட்டம்."

"அதே மாதிரிதான். இது உள்ளே இருக்கும்."

"அத்த தெரிஞ்சிக்கினு இன்னாம்மா பண்ணுவீங்க?"

"அது பெரிய கதை. பஸ்ஸுக்கு நாழியாயிடுத்து, அப்புறம் சொல்றேன்."

அந்த அப்புறம் வரவில்லை. படித்தவர்களுக்கு இது ஒரு வியாதி. எப்படி என்பதை வாய் வலிக்கச் சொல்வார்கள். எதற்கு என்று கேட்டால் பஸ் வந்துவிடும். நீரஜா நல்லவள்தான். நல்லவர்களுக்கும் பஸ் வருகிறதே, என்ன செய்ய?

ஆவணி பிறந்ததும் அடையாற்றுக் கொசு ஆராய்ச்சி ஆபீசிலிருந்து நீரஜாவும் அவள் மேலதிகாரி ராஜகோபாலன் சாரும் ஜீப்பில் காவாக்கரைக்கு வந்து இறங்கினார்கள். மயிலாப்பூர் மாட்டுக்கொட்டில்களிலும் குடிசைச் சுவர்களிலும் உறிஞ்சு குழாயால் பிடித்த கொசுக்கள் வலைக்கூண்டில் இருந்தன. சாக்கடைக் கொசு அல்ல. கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் நல்ல தண்ணீரில் வளர்கிற கொசு. அந்தக் கூண்டுக்குள் மஞ்சள் பவுடரை ஊதி, கொசுக்களின் மேல் பூசவைத்து, விளக்கு வைக்கிற நேரத்தில் கூண்டைத் திறந்து பறக்கவிட்டார்கள். அடுத்த வாரம் பிடித்ததற்கு ரோஸ் பவுடர். அதற்கடுத்த வாரம் பச்சை. எந்த நிறம் எத்தனை நாள் கழித்துத் திரும்பக் கிடைக்கிறது என்று பார்த்தால், கொசு எத்தனை நாள் உயிரோடிருக்கிறது என்று தெரியும். அவ்வளவுதான் கணக்கு.

"வூட்ல கீற கொசு பத்தாதுன்னு வெளில இருந்து வேற கொண்டாந்து வுடறீங்களா?" என்று கேட்டாள் பக்கத்துக் குடிசைச் சொர்ணம்.

"புதுசா ஒண்ணும் விடலைம்மா. இங்கே இருந்ததைத்தான் பிடிச்சுத் திரும்ப விடறோம்" என்றார் ராஜகோபாலன் சார். நல்ல மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். "கலர் கொசுவைப் பாத்தா அடிச்சிடாதீங்கோ. நசுங்கிட்டா வயசு பாக்க முடியாது. டம்ளரைக் கவுத்து, அட்டையால மூடி, உயிரோட கொண்டு வாங்கோ. பிடிச்சுக் குடுக்கறவாளுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர்."

எவர்சில்வர் என்றதும் காவாக்கரைக்குக் கண் திறந்தது. அன்றிலிருந்து அதற்குப் பவுடர் கொசு என்று பெயர் விழுந்துவிட்டது. "இன்னாடி, பவுடர் பூசிக்கினு ஒன் வூட்டாண்ட வந்துச்சா?" என்பதுதான் தண்ணீர்ப் பம்பில் பேச்சு. சொர்ணம் ஒரு நாள் ஒன்றை உள்ளங்கையில் அடித்து, அப்படியே கையை நீட்டிக்கொண்டு ஜீப்பண்டை ஓடினாள். ராஜகோபாலன் சார் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "இது கொசு இல்லைம்மா, சட்னி" என்றார். ஒரு வாரம் அவளைச் சட்னி சொர்ணம் என்று கூப்பிட்டார்கள்.

முதலில் மஞ்சள் நிறையக் கிடைத்தது. பிறகு குறைந்தது. ரோஸும் பச்சையும் வர வர மஞ்சள் அடியோடு நின்றுபோனது. அவ்வளவும் செத்திருக்கும் என்று ராஜகோபாலன் சார் முடிவு கட்டினார். நீரஜாவுக்கு மனசு ஒப்பவில்லை. ஆயிரத்தில் ஒன்று இரண்டாவது கெட்டி ஆயுசோடு இருக்கும் என்று அவள் ஆபீசில் அடித்துச் சொல்லியிருந்தாள், யாரும் நம்பவில்லை.

"ஒரே ஒரு மஞ்சள் கெடச்சாப் போறும், பாஞ்சாலி" என்றாள் ஒரு நாள் காபியை ஆற்றிக்கொண்டே. "நான் சொன்னது நெஜம்னு ஆயிடும். கெடைக்காதுன்னுதான் தோணறது."

அந்த முகவாட்டத்தைப் பாஞ்சாலி தாங்கமாட்டாள். நீரஜா அவளிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை, சும்மா வாய்விட்டுச் சொன்னாள். ஆனால் பாஞ்சாலி அதைக் கேட்டதாகவே எடுத்துக்கொண்டாள். சுவர், கொடித்துணி, பானைக்குப் பின்னால் என்று எந்நேரமும் அவள் கண் மஞ்சளையே தேடியது.

புரட்டாசி நடுவில் ஒரு நாள், விளக்கு வைத்து முடித்த நேரம். கோதண்டபாணி இன்னும் வண்டியோடு வரவில்லை. மொழி விளையாடின அசதியில் பாயில் படுத்துத் தூங்கிவிட்டிருந்தாள். போர்த்திவிடலாம் என்று குனிந்த பாஞ்சாலி அப்படியே நின்றாள். குழந்தையின் கணுக்காலுக்கு மேலே ஒரு கொசு, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, குத்தின ஊசி மாதிரி நின்றது. குண்டு பல்பு வெளிச்சத்தில் அதன் இறக்கை முளைக்கிற இடத்தில் பொட்டுப்போல மஞ்சள் தெரிந்தது.

எட்டி அலமாரியிலிருந்த கண்ணாடி டம்ளரை எடுத்தாள். இப்போது கவிழ்த்தால் சட்டென்று பறந்துவிடும். கொசுவைப் பற்றி அவளுக்கும் கொஞ்சம் தெரியும்: குடிக்க ஆரம்பித்துவிட்டால் அசையாது, வயிறு நிறைந்துவிட்டால் பறக்க முடியாமல் தள்ளாடும். கொஞ்சம் பொறுத்தால் போதும்.

மொழி தூக்கத்தில் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். "ம்மா... கொச்சு..." என்று முனகினாள்.

"தூங்கு கண்ணு. அம்மா புடிக்கிறேன்" என்று சொல்லி, பாஞ்சாலி குழந்தையின் பாதத்தை அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

அவளைக் குறை சொல்ல வருகிறவர்கள் ஒரு நாள் காவாக்கரையில் படுத்துப் பார்த்துவிட்டு வரட்டும். அங்கே கொசு கடிக்காத பிள்ளை உண்டா? காலிலும் கையிலும் தடிப்பில்லாத இடம் உண்டா? கடிக்கிற ஆயிரத்தோடு இது ஒன்று. அப்படித்தான் அவள் நினைத்தாள். கொசுவின் வயிறு செக்கச்செவேல் என்று உப்புகிறவரை பாதத்தை விடவில்லை. பிறகு மெல்ல டம்ளரைக் கவிழ்த்தாள்.

காலண்டர் அட்டையை அடியில் நுழைத்து மூடிக்கொண்டு, தூங்குகிற குழந்தையைச் சொர்ணத்திடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, குளத்தங்கரைத் தெருவரை ஓட்டமாக ஓடினாள். வாசற்கதவைத் திறந்த நீரஜா டம்ளரை விளக்கில் தூக்கிப் பார்த்தாள். பார்த்தவள் சின்னப்பெண் மாதிரி குதித்தாள்.

"மஞ்சள்! ஐயோ, மஞ்சளேதான்டி! எங்கே இருந்தா இவ?"

"வூட்லதாம்மா" என்றாள் பாஞ்சாலி, மூச்சு வாங்க. எங்கே உட்கார்ந்திருந்தது என்று சொல்ல வாயெடுத்தாள். நீரஜா அதற்குள் அவளைக் கட்டிக்கொண்டுவிட்டாள். அந்த வீட்டில் பாஞ்சாலியை யாரும் கட்டிக்கொண்டதில்லை. சொல்ல வந்தது மறந்துபோயிற்று.

மறுநாள் மாலை நீரஜா பறந்துகொண்டு வந்தாள். "அஞ்சு முடிச்சு, பாஞ்சாலி! அஞ்சு தரம் முட்டை போட்டிருக்கா. கிழவின்னா கிழவி, அப்படியொரு கிழவி! நன்னா ரத்தம் குடிச்சுட்டுக் கொழுகொழுன்னு வேற இருந்தா. நான் வயித்தைப் பாத்து, போட்டோ எடுத்து முடிக்கறதுக்குள்ளே கழுத்துப் பக்கம் காஞ்சு போயிடுத்து, அதைப் பாக்க முடியலை. போனாப் போறது, வயிறு கெடச்சுதே."

கழுத்தில் என்ன பார்ப்பார்கள் என்று பாஞ்சாலி கேட்கவில்லை. யாருடைய ரத்தம் என்று நீரஜாவும் கேட்கவில்லை. கொசுவைச் சுவரில் பிடித்திருப்பாள் என்றே நினைத்தாள். பெற்ற குழந்தையின் காலில் உட்காரவிட்டு ஒருத்தி பிடித்திருப்பாள் என்பது அவள் புத்திக்கு எட்டுகிற விஷயமல்ல. அடிக்காதே என்று சொன்னவர்களில் ஒருவருக்கும், கடிக்க விடாதே என்றும் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை.

எவர்சில்வர் டம்ளரை ராஜகோபாலன் சாரே கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் கொடுத்தார். கோதண்டபாணி அதை மாடவீதிப் பாத்திரக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டிக்கொண்டு வந்தான். 'கோ. தமிழ்மொழி.' மற்றப் பாத்திரத்தில் எல்லாம் புருஷன் பெயர், மாமனார் பெயர் இருக்கும். இந்த ஒன்றில் மட்டும் குழந்தையின் பெயர். "எங்க பாப்பா டம்ளரு" என்று அவன் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு காவாக்கரை முழுக்கச் சுற்றினான்.

அந்த மஞ்சள் கிழவியைப் பற்றிப் பேச நீரஜாவை டெல்லியில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். அவள் போட்டோவை எடுத்துக்கொண்டு ரயிலேறினாள். அவள் போன மறுநாள் மொழிக்குக் காய்ச்சல் கண்டது.

காய்ச்சல் என்றால் யாருக்கு வரவில்லை? மழை ஆரம்பிக்கிற நேரம். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது, பிறகு வியர்த்துவிட்டது, குழந்தை எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டது. விட்டுவிட்டது என்று நினைத்தார்கள். மறுபடி வந்தது. தெருமூலை டாக்டர் ஊசி போட்டு, சளிக்காய்ச்சல் என்றார். சாயங்காலத் தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்களிடம் ஓதி ஊதச் சொல்லிப் பள்ளிவாசல் படியருகே நிற்கிற தாய்மார்களோடு பாஞ்சாலியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். பீர் முஹம்மது என்கிற பெரியவர் குழந்தையின் நெற்றியில் ஊதிவிட்டு, கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். "தாயி, நான் ஊதறது ஊதறேன். சூடு நெருப்பாக் கீது. நீ இப்பயே ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ" என்றார்.

போகிற வழியிலேயே மீன்பாடி வண்டியில் மொழிக்கு ஜன்னி வந்துவிட்டது. ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், மலேரியா, மூளைக்கு ஏறிவிட்டது, இரண்டு நாள் முன்னால் வந்திருக்கக்கூடாதா என்றார். அந்த இரண்டு நாளைக் கோதண்டபாணி எங்கே போய்த் தேடுவான்? விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பிள்ளையைப் புதைத்த மறுநாள் பால் தெளிக்கப் போனார்கள். பாலை எதில் கொண்டுபோவது என்று யாரோ கேட்டார்கள். கோதண்டபாணி பெயர் வெட்டிய டம்ளரை எடுத்துக்கொண்டான்.

அன்று மாலையே காவாக்கரை கொதித்துப்போயிற்று. ரத்தம் எடுத்துச் சோதிக்க வந்த ராஜகோபாலன் சாரின் ஜீப்பைச் சொர்ணம்தான் முதலில் மறித்தாள். "கொசு வுட்டு எங்க புள்ளையக் கொன்னுட்டீங்களே, படுபாவிங்களா!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். கூட்டம் சேர்ந்துவிட்டது. பாஞ்சாலி குடிசை வாசலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

ராஜகோபாலன் சார் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். "கொஞ்சம் கேளுங்கோ. எல்லாக் கொசுவும் மலேரியா குடுக்காது. காய்ச்சக்காரன் ரத்தத்தைக் குடிச்சப்புறம் அந்த விஷக்கிருமி கொசு வயித்துல வளர்ந்து, கழுத்துக்கு ஏறணும். அதுக்குப் பத்துப் பன்னண்டு நாள் ஆகும். அதுக்குள்ளே முக்கால்வாசிக் கொசு செத்துப்போயிடும். கிழட்டுக் கொசு கடிச்சாத்தான் ஆபத்து. எத்தனை கொசு கிழடாகறதுன்னு தெரிஞ்சாத்தானே ஒழிக்க முடியும்? அதுக்குத்தாம்மா இந்த வயசு பாக்கறதே."

அதுதான் அந்த 'அப்புறம்'. அதைச் சொல்ல இவ்வளவு நாள் ஆயிற்று.

கூட்டத்தில் யாருக்கும் அது புரிந்ததோ இல்லையோ, வாசலில் இருந்த ஒருத்திக்குப் புரிந்தது. கிழவி. அஞ்சு முடிச்சு. கழுத்து. பாஞ்சாலி தன் வலது கையைப் பார்த்தாள். பாதத்தைப் பிடித்த கை. அதைத் தரையில் வைத்து, மேலே இடது கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

கோதண்டபாணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அவன் கத்தவில்லை. "சார், இங்க இருந்தத்தான் புடிச்சேன்றீங்க. சரி. கையில மாட்னத நசுக்காம, பவுடர் போட்டு ஏன் சார் திரும்ப வுட்டீங்க?"

ராஜகோபாலன் சார் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். வண்டியில் ஏறி உட்கார்ந்தார். ஜீப் திரும்பிப் போயிற்று. அதன்பின் அது காவாக்கரைக்குள் வரவில்லை.

நீரஜா டெல்லியிலிருந்து வந்து இறங்கியதும் பெட்டியை வைத்த கையோடு ஓடிவந்தாள். பெண்கள் அவளை உள்ளே விடவில்லை. மழையில் தெருமுனையில் நின்று அழுதுவிட்டுப் போனாள். பாஞ்சாலியும் ஒரு வார்த்தை அவளைத் திட்டவேண்டும் என்று காவாக்கரை எதிர்பார்த்தது. பாஞ்சாலி திட்டவில்லை. "மனசு கல்லாப் பூடுச்சு அதுக்கு" என்றார்கள். கல்லாவது ஒன்றாவது. திட்டுவதற்கு ஒரு யோக்கியதை வேண்டும், அது தனக்கில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாதத்தை அசையாமல் பிடித்தது யார் கை? புருஷனிடம் சொல்ல எத்தனையோ தரம் வாயெடுத்தாள். அவன் அந்த டம்ளரில் தண்ணீர் மொண்டு குடிப்பதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

தீபாவளி போய்ச் சில நாள் கழித்து அவள் தானாகவே நீரஜா வீட்டுக்கு வேலைக்கு வந்தாள். பாத்திரத்தைத் தேய்த்தாள், பெருக்கினாள். கொலுப்படி இருந்த கூடத்து மூலையை மட்டும் பெருக்காமல் விட்டாள். நீரஜா எத்தனையோ பேசிப் பார்த்தாள், அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஒரு வாரம் போனபின், துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி ஒரு நாள் கேட்டாள்.

"அந்தக் கெயவிய நான் ஒரு தபா பாக்கணும்மா."

நீரஜா மறுக்கவில்லை. அடையாறு பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனார்கள். கொசு மிச்சமில்லை. நீரஜாவின் மேஜைக்கு மேலே சுவரில் போட்டோ ஒட்டியிருந்தது. முறம் அளவுக்குப் பெரிதாக்கின படம். கண்ணாடி மாதிரி ஒரு நூல்; அதில் சின்னச்சின்னதாக உப்பின முடிச்சுகள். நார் தெரிகிற மாதிரி இளக்கமாகத் தொடுத்த மல்லிச்சரம் போல இருந்தது. பாஞ்சாலி நெடுநேரம் பார்த்தாள்.

"எம்மாம் அயகாக் கீது" என்றாள்.

நீரஜா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் இத்த சொவத்துல புடிக்கலம்மா. புள்ள கால்ல குந்திக்கினு இருந்துச்சு. தட்டுனா ஓடிடும்னு, குடிக்கட்டும்னு வுட்டேன். அது கால இஸ்துக்கப் பாத்துது. நான் ஆடாத புடிச்சிக்கினேன். அம்மா புடிக்கிறேன், தூங்குன்னேன்." அவள் தன் வலது கையைப் பார்த்தாள். "கொசுவப் புடிக்கிறேன்னுதான் அது நெனச்சிருக்கும்."

கொழுகொழுவென்று இருந்த அந்த வயிறு, ஊசிமுனையில் குத்தினதும் பொலபொலவென்று வழிந்த அந்தச் சிவப்பு, அதைத் துடைத்துப் போட்ட பஞ்சு, எல்லாம் நீரஜாவின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. அந்தப் பஞ்சைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுத்தான் அவள் அன்று சந்தோஷமாக வீட்டுக்குப் பறந்தாள்.

"அதுதானாம்மா?" என்று கேட்டாள் பாஞ்சாலி. "நெஜத்த சொல்லுங்க. அதுதான் கடிச்சு, அதுலதான் வந்துச்சா?"

உள்ளது உள்ளபடி சொல்லவேண்டுமானால், தெரியாது என்றுதான் நீரஜா சொல்லவேண்டும். வேறு கொசுவாகவும் இருக்கலாம், இதுவாகவும் இருக்கலாம். இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து கண்ணால் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக அவள் சொன்னதே கிடையாது. அது அவளுக்கு ஒரு விரதம் மாதிரி.

"இல்லை, பாஞ்சாலி" என்றாள். "கழுத்தைப் பாத்தேன். நன்னாப் பாத்தேன். சுத்தமா இருந்தது, ஒண்ணுமே இல்லை. அது வேற கொசு. உன் கையால எதுவும் நடக்கலை."

கழுத்துப் பக்கம் காஞ்சு போயிடுத்து, போனாப் போறது. அன்றைக்குச் சொன்ன குரல்கூடப் பாஞ்சாலிக்கு நினைவிருந்தது. அவள் நீரஜாவின் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத முகம். முன்பு ஒரு தரம் ரத்தம் கொடுத்தாள், இப்போது இதைக் கொடுக்கிறாள். வாங்கிக்கொள்ளாமல் எப்படி இருப்பது?

"சரிம்மா" என்றாள் பாஞ்சாலி.

நீரஜா நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பாஞ்சாலி அவள் தோளில் கைவைத்தாள். இடது கையை. அழுகை ஓய்கிறவரை நின்றுவிட்டு, மறுபடி சுவரைப் பார்த்தாள்.

"ஏம்மா, வெச்ச முட்டையெல்லாம் செத்துப் பூட்டாலும் இந்த முடிச்சு போவாதா?"

"போகாது" என்றாள் நீரஜா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அந்தக் கொசு இருக்கற வரைக்கும் அதுவும் இருக்கும்."

பாஞ்சாலி தலையை ஆட்டினாள். "அப்ப என்னிய அறுத்துப் பாக்கறவங்களும் சொல்லுவாங்க இல்ல? ஒன்னு இருந்துச்சுன்னு."

நீரஜா ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்தாள்.

பாஞ்சாலி முந்தானையை இழுத்து வயிற்றை மூடி இடுப்பில் சொருகிக்கொண்டாள். "எய்ந்திரிங்கம்மா, பஸ்ஸு பூடும்" என்றாள்.